ரிட்டர்ன் இல்லாத வீடு

சித்தி வீட்டு முன்னறைக்கு ஏசி மாட்டத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். ஒன்பது வருடம் துபாயில் ஏசி டக்ட், அதாவது காற்றைக் கொண்டுபோகும் குழாய் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவன் நான். சொந்தத்தில் யார் வீட்டில் ஃபேன் முனகினாலும் எனக்குத்தான் போன் வரும். 2023 ஜனவரியில் போனேன். வீடு நீரோடிக்கு இந்தப் பக்கம். நீரோடிதான் தமிழ்நாட்டின் கடைசிக் கடற்கரை ஊர். அதைத் தாண்டினால் பொழியூர், கேரளா. வாசலில் இருந்து கடல் ஒரு நூற்றைம்பது மீட்டர் இருக்கும். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினேன், வேட்டி உடம்பில் நிற்கவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தேன், ஐந்து நிமிடத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இவ்வளவு காற்றை வாசலில் வைத்துக்கொண்டு எதற்கு ஏசி என்று கேட்டேன். "காத்து இருக்கு, உள்ள வரணுமே" என்றார் சித்தி.

வீடு 1998-ல் கட்டியது. அறுநூற்றைம்பது சதுர அடி, செங்கல் சுவர், மேலே தட்டையான காங்கிரீட். கடலைப் பார்த்து, அதாவது தென்மேற்கைப் பார்த்து, முன்னறையில் ஐந்துக்கு நாலு அளவில் இரண்டு ஜன்னல்கள். ஒரு காலத்தில் மரக்கதவாக இருந்ததை அலுமினிய ஸ்லைடிங்காக மாற்றியிருந்தார்கள். ஸ்லைடிங் ஜன்னலை எவ்வளவு திறந்தாலும் பாதிதான் திறக்கும். ஆக நாற்பது சதுர அடி ஜன்னலில் காற்றுக்குக் கிடைப்பது இருபது. அதுவும் உப்பில் சக்கரம் இறுகி, ஒரு பக்கம் கைப்பிடி அளவோடு நின்றுவிட்டது. முன்னறைக்குப் பின்னால் நடு அறை, அதற்குப் பின்னால் அடுக்களை. பின்சுவரில் இரண்டடிக்கு இரண்டடி ஜன்னல் ஒன்றே ஒன்று. கழிவறை வென்டிலேட்டரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

டக்ட் வேலையில் முதல் வாரமே மண்டையில் ஏற்றிவிடுவார்கள்: சப்ளை வைத்தால் ரிட்டர்ன் வைக்கணும். குளிர்காற்றை அறைக்குள் தள்ளினால் மட்டும் போதாது. உள்ளே இருக்கிற காற்று வெளியே போக வழி வேண்டும். வழி இல்லையென்றால் அறை காற்றால் நிறைந்து, வருகிற காற்றையே திருப்பித் தள்ளும். சித்தி வீட்டுக்கு சப்ளை கடல் முழுக்க இருக்கிறது. ரிட்டர்ன்தான் இல்லை.

இதை வாயால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் ஒரு சின்ன வேலை செய்தேன். சித்தப்பாவிடம் கிழிந்த வலை கட்டுக்கட்டாக உண்டு. அதில் இருந்து நூலை உருவி, நுனியில் கேரி பையை விரல் அகலத்துக்குக் கீறிக் கட்டி, ஜன்னல் மேல்கட்டையில் ஒரு சாண் இடைவெளியில் வரிசையாகத் தொங்கவிட்டேன். அறைக்குள்ளும் விட்டத்தில் இருந்து மூன்றடிக்கு ஒன்று. வெளியே கம்பியில் கட்டிய கீற்று படுக்கையாக நின்று படபடத்தது. உள்ளே, ஜன்னலில் இருந்து மூன்றடி தள்ளித் தொங்கியது, தூக்குக்குண்டு மாதிரி ஆடாமல் நின்றது. ஜன்னலில் கட்டியவைதான் வேடிக்கை. இடது ஓரத்தில் இருந்த நாலு கீற்றும் உள்பக்கம் சாய்ந்தன. வலது ஓரத்தில் இருந்தவை வெளிப்பக்கம் சாய்ந்தன. காற்று ஒரு ஓரத்தில் நுழைந்து, ஒரு முழம் உள்ளே வந்து, அதே ஜன்னலின் மறு ஓரத்தில் வெளியேறிக்கொண்டிருந்தது. வாசல்படி வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகிற விருந்தாளி மாதிரி.

அப்புறம் சித்தியிடம் நடுக்கதவையும் அடுக்களைப் பின்கதவையும் திறக்கச் சொன்னேன். எல்லாக் கீற்றும் ஒரே நேரத்தில் அடுக்களைப் பக்கம் சாய்ந்தன. மேசையில் இருந்த கல்யாணப் பத்திரிகை பறந்து போய் அடுப்புக்கிட்ட விழுந்தது. சித்தி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "பின்கதவ எப்பவும் தொறந்து போட முடியுமா மக்களே? கோழி வரும், பூன வரும், மீன் சட்டிய மூட முடியாது." நியாயம்தான். ஆகவே வேலை என்னவென்று அன்றே தெளிவாகிவிட்டது: பூனை வராத, திருடன் வராத, எப்போதும் திறந்தே இருக்கிற பின்வாசல் ஒன்று வேண்டும். ஏசிப் பெட்டி ஒரு மாதம் கட்டிலுக்கடியில் கிடந்தது, பிறகு மார்த்தாண்டத்தில் இருக்கிற மச்சினன் வாங்கிக்கொண்டான்.

வேலையைத் தொடங்கும் முன் சித்தப்பாவை உட்காரவைத்துக் காற்றைப் பற்றிக் கேட்டேன். நாற்பது வருடம் ஆழ்கடலில் தூண்டில் போட்டவர், சுறா பிடிக்கப் போனவர். வானிலை ஆப்பை விட எனக்கு அவர் பேச்சுதான் உதவியது. பகலில் அடிப்பது கடல்காற்று. ஆனி ஆடியில் கச்சான் மேற்கே இருந்து மழையையும் சேர்த்துக்கொண்டு வரும். ராத்திரி நிலம் குளிர்ந்ததும் கரையில் இருந்து கடலுக்கு லேசான காற்று. ஐப்பசிக்கு மேல் வாடையும் கொண்டலும், வடக்கும் கிழக்கும். "முன்னாடி வர்றவன் சத்தம் போட்டுட்டு வருவான், லே. பின்னாடி வர்றவனத்தான் பாக்கணும்" என்றார்.

அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். மொட்டைமாடியில் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. கருவாடு காயப்போட, வலை வைக்க. எல்லோருக்கும் பயம் கடல் பக்கம்தான் என்பதால் கடல் பக்கமும் இரண்டு ஓரங்களும் தகரம் அடித்து மூடி, கிழக்கே, கரைப் பக்கம் மட்டும் திறந்து விட்டிருந்தார்கள். 2017 நவம்பர் 30, ஒக்கி. புயலின் மையம் கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலில் போனது. நம் பக்கத்துப் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். மையத்துக்கு வடக்கே இருக்கிற நமக்குக் காற்று கிழக்கே இருந்துதான் வரும். வந்தது. திறந்திருந்த வாய்க்குள் புகுந்தது, வெளியேற வழியில்லை, கூரையைத் தூக்கியது. தகரங்கள் கடல் பக்கம் பறந்து கரையில் கிடந்தன. அந்த வாரம் யாரும் தகரத்தைப் பற்றிப் பேசவில்லை. கடலுக்குப் போனவர்கள் திரும்புவார்களா என்று தூத்தூர் தொடங்கி நீரோடி வரைக்கும் கரை முழுக்க நின்றுகொண்டிருந்தது. பல வீடுகளில் இன்னும் அந்த நவம்பர் முடியவில்லை.

கொட்டகையும் முன்னறையும் ஒரே தப்புதான் என்று எனக்குப் புரிய ஐந்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. வெயில் நாளில் ரிட்டர்ன் இல்லையென்றால் புழுக்கம். புயல் நாளில் ரிட்டர்ன் இல்லையென்றால் கூரை.

பிப்ரவரியில் இரண்டு இடங்களைப் போய்ப் பார்த்தோம், நானும் ஆசாரியும். ஒன்று தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை. குமரி மாவட்டத்துக்குள் இருந்தாலும் கேரள அரசின் பராமரிப்பில் இருக்கிறது. 1956-ல் மாவட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தபோதும் அரண்மனை அவர்களிடமே நின்றது. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் மூன்று தடவை போயிருக்கிறேன், கறுப்புத் தரையைத் தவிர எதையும் பார்த்ததில்லை. இந்தத் தடவை மரச்சட்டங்களை மட்டும் பார்த்தேன். வெளிப்பக்கம் சாய்ந்த அழி, அதாவது இடுக்கு விட்ட மரச்சட்டத் தடுப்பு, அதன் அடியில் உட்காரும் பலகை. வெளியே இருந்து பார்த்தால் உள்ளே இருட்டு. உள்ளே இருந்து பார்த்தால் முற்றம் முழுக்கத் தெரியும். சட்டம் வெளியே சாய்ந்திருப்பதால் மழைத்தண்ணீர் உள்ளே வராமல் அதன் முதுகிலேயே இறங்கிப் போகும்; காற்று இடுக்கு வழியே வரும். ஆசாரி காவலாளி பார்க்காத நேரத்தில் இடுக்கில் சுண்டுவிரலை விட்டு அளந்து பார்த்துக்கொண்டார்.

இன்னொன்று திருவனந்தபுரத்தில், கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையம். அங்கே செங்கல் ஜாலிச் சுவர்களைப் பார்க்கத்தான் போனோம். ஜன்னலுக்கு மரமும் கண்ணாடியும் வாங்குகிற காசில் சுவரிலேயே ஓட்டை விட்டுக் கட்டிவிடலாம் என்று காட்டியவர் அவர். 1970-களின் நடுவில் திருவனந்தபுரம் கடற்கரையில் இருக்கிற பூந்துறையில் மீனவர்களுக்கு அவர் போட்ட வீட்டுத் திட்டமும் எங்களுக்கு முக்கியம். வீடுகளை ராணுவ வரிசையாக வைக்காமல் முன்பின்னாகத் தள்ளித் தள்ளி வைத்தார். பின்வரிசைக்கும் கடல் தெரியும், காற்று வரும். எங்கள் தெருவில் முதல் வரிசை வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன, நடுவில் ஒரு ஆள் நுழைய முடியாது. பின்னால் இருக்கிறவர்கள் காற்றைக் கேட்டு யாரிடம் போவது? இதை நான் சரிசெய்ய முடியாது, ஆனால் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

சரி, வேலை.

கடற்கரைக்கு இவ்வளவு பக்கத்தில் நினைத்தபடி கட்டிவிட முடியாது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் இருக்கின்றன. 2019 அறிவிப்பின்படி, கட்டுமானம் கூடாத பகுதியில் ஏற்கெனவே அனுமதியோடு நிற்கிற வீட்டைப் பழுதுபார்க்கலாம், திரும்பக் கட்டலாம், ஆனால் அடித்தளப் பரப்பைக் கூட்டக்கூடாது. சித்தி முன்னால் ஒரு அறை இழுக்கலாமா என்று கேட்டதை அங்கேயே நிறுத்திவிட்டேன். இருக்கிற நாலு சுவருக்குள்தான் எல்லாம். மாடிக்கூரைக்கும் முதலில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டோம்.

முதலில் பின்சுவரைத் திறந்தோம். கொத்தனார் பாறசாலைக்காரர், பாதி மலையாளம் பாதி தமிழ். கணக்கு எளிது: முன்னால் இருபது சதுர அடி திறப்பு என்றால் பின்னாலும் அவ்வளவாவது வேண்டும், கொஞ்சம் கூடுதல் இருந்தால் நல்லது. ஜாலிச் சுவரில் பாதி செங்கல், பாதி ஓட்டை. ஆகவே இருபது கிடைக்க நாற்பது சதுர அடி ஜாலி. அடுக்களையில் ஆறுக்கு மூன்று, நடு அறையில் ஐந்துக்கு நாலு, கிட்டத்தட்ட வந்துவிட்டது. உள்பக்கம் கொசுவலை அடித்தால் காற்று நன்றாகவே குறையும் என்பதால் கொசுவலையைக் கழற்றி மாட்டுகிற சட்டமாக வைத்தோம். சாயங்காலம் ஆறு மணிக்கு மாட்டுவது, காலையில் கழற்றுவது. நடுவில் இருக்கிற சுவரில் கதவுக்கு மேலே ஒன்றரை அடி உயரத்துக்குத் திறந்து மரச்சட்டம் வைத்தோம். கதவைச் சாத்தினாலும் காற்று தலைக்கு மேலே போகும்.

மேலே காங்கிரீட்டைத் தாங்குகிற சுவர், அதில் ஓட்டை போடுவது விளையாட்டு இல்லை. இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, ஓட்டைக்கு மேலே சுமை தாங்குகிற லிண்டலை வெளியே வார்த்துக் காயவைத்து, ஒரு ஓட்டை முடிந்து பதினைந்து நாள் கழித்துத்தான் அடுத்தது. இரண்டையும் ஒன்றாகத் திறந்தால் கூலி மிச்சம் என்று கொத்தனார் சொன்னார். ஒத்துக்கொள்ளவில்லை.

ஜாலியின் கடைசி வரிசை வைத்த அன்று சாயங்காலம் சித்தி அடுக்களையில் மீன் பொரித்தார். பொரிக்கிற மணம் எப்போதும் முன்னறைக்கு வந்து சோபாத் துணியில் ஏறிவிடும். அன்று புகை அடுப்பில் இருந்து எழுந்து, நேராகத் திரும்பி, ஓட்டைகளில் நூல் நூலாகப் பிரிந்து வெளியே போனது. கொத்தனார் கொத்துக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். "போட்டே, போட்டே" என்றார், போகட்டும் போகட்டும் என்று பஸ்ஸை வழியனுப்புகிற மாதிரி.

இனி துரு. இந்தப் பதிவில் யாராவது ஒரே ஒரு பகுதியைப் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். கடற்கரை வீட்டை நான் பார்த்தவரை காற்று சாய்ப்பதில்லை. காற்று சுமந்து வருகிற உப்புதான் சாய்க்கிறது.

ஜன்னல்களுக்கு மேலே இருந்த சன்ஷேடில் கம்பி வெளியே தெரிந்தது. சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல காங்கிரீட் 'டங்' என்னும். உள்ளே பிரிந்துவிட்டது 'டொப்' என்னும். 'டொப்' கேட்ட இடத்தையெல்லாம் சாக்பீஸில் வட்டம் போட்டேன். முடிவில் வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து சன்ஷேட் முழுக்க ஒரே வட்டமாகிவிட்டது. உடைத்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் உள்ளே சிப்பித் துண்டுகள், ஒரு முழுச் சங்குக்குஞ்சு. சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்தார். "அந்தக் காலத்துல மணல் வாங்கக் காசு ஏது? கரையிலேர்ந்து சுமந்ததுதான்."

காங்கிரீட்டின் காரத்தன்மைதான் கம்பியைத் துருவில் இருந்து காக்கிறது. கம்பி மேல் ஒரு மெல்லிய படலம் உண்டாகி நிற்கும். உப்பில் இருக்கிற குளோரைடு அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். துரு, அது தின்ற இரும்பைப் போல இரண்டு மூன்று மடங்கு இடம் கேட்கும். இடம் கிடைக்காமல் காங்கிரீட்டைப் பிளக்கும். பிளவு வழியாக இன்னும் உப்பு. இந்த வீட்டில் உப்பு வெளியே இருந்து வந்தது போதாதென்று மணலோடு உள்ளேயே குடிவைத்திருந்தோம். போதாக்குறைக்குக் கம்பிக்கு மேல் காங்கிரீட் மூடல் என் அளவில் பத்து மில்லிமீட்டர்கூட இல்லை. காங்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 கடற்கரைச் சூழலுக்குக் கேட்பது 45 மில்லிமீட்டர், எம் 30 தரக் கலவை.

சன்ஷேடைப் பழுதுபார்க்கவில்லை, முழுதாக வெட்டி எடுத்துவிட்டோம். காரணம் உண்டு. உப்பு ஏறிய பழைய காங்கிரீட்டில் ஒரு இடத்தை மட்டும் கொத்திப் புதுக்கலவை பூசினால், ஒட்டு நன்றாக இருக்கும். ஆனால் ஒட்டுக்கு வெளியே, அதன் விளிம்பை ஒட்டிய பழைய பகுதியில் துரு முன்பைவிட வேகமாகத் தொடங்கும். அடுத்த வருடம் அங்கே கொத்துவீர்கள், அதற்கடுத்த வருடம் அதன் பக்கத்தில். சட்டை கிழிசலுக்கு ஒட்டுப்போட்டால் ஒட்டின் ஓரத்தில் கிழிவதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான்.

ஆனால் கூரைக் காங்கிரீட்டை வெட்டி எறிய முடியாதே. அடிப்பக்கத்தில் மூன்று இடங்களில் மட்டும் 'டொப்'. அங்கே ஒட்டுதான் போட்டோம். கம்பிக்குப் பின்னால் கட்டைவிரல் நுழைகிற அளவு கொத்தி, கம்பியைக் கம்பி பிரஷ்ஷால் வெள்ளி தெரியும் வரை தேய்த்து, நல்ல தண்ணீரால் மூன்று நாள் திரும்பத் திரும்பக் கழுவினோம். கிணற்றுத் தண்ணீர் கரிக்கும், அதனால் கழுவக்கூடக் குடிதண்ணீர்தான். கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். மெலிந்துபோன இரண்டு கம்பிகளுக்குப் பக்கத்தில் புதுக்கம்பி சேர்த்துக் கட்டி, துத்தநாக பிரைமர் அடித்து, லேட்டெக்ஸ் கலந்த கலவையை ஒரு தடவைக்கு அரை அங்குலமாக ஏற்றினோம். இங்கே காற்று எதிரி. கலவை இறுகும் முன்பே காற்று அதன் ஈரத்தை உறிஞ்சிவிடும், மேலே மயிரிழை வெடிப்பு விடும். கடல் பக்கம் படுதா கட்டி, நனைத்த சாக்கை அழுத்தி வைத்து ஏழு நாள் காத்தோம். இது எத்தனை வருடம் நிற்கும் என்று சித்தி கேட்டார். மறுபடி தட்டிப் பார்க்க வேண்டியிருக்கும் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

சன்ஷேட் போன இடத்தில் பத்மநாபபுரத்துச் சாய்ந்த அழியை ஆசாரி ஆஞ்சிலி மரத்தில் செய்து தந்தார். அலுமினிய ஜன்னல் போய், முழுதும் திறக்கிற மரக்கதவு வந்தது. இருபது சதுர அடி நாற்பதானது. நாற்பதிலும் பாதியை அழிச் சட்டம் எடுத்துக்கொள்ளும் என்பதால் பின்பக்க ஜாலிக்கு ஏறக்குறையச் சரியாகிவிட்டது. கீல் பித்தளை. நான் முதலில் வாங்கி வந்தது 304 ஸ்டெயின்லெஸ். மூன்றே வாரத்தில் தேநீர்க் கறை மாதிரி பழுப்பு ஏறியது. கடலோரத்துக்கு மாலிப்டினம் கலந்த 316 வேண்டும், அது நம் பக்கத்துக் கடைகளில் கிடைக்கவில்லை. பித்தளை எல்லாக் கடையிலும் இருக்கிறது.

மாடிக்கு ஓட்டுக்கூரை. பகல் முழுக்கக் காய்கிற காங்கிரீட் ராத்திரி பத்து மணிக்கும் தலைக்கு மேல் அடுப்பாகக் கிடந்ததால் அதற்கு நிழல் வேண்டும். இங்கே இன்னொன்றையும் பார்க்கணும்: நாம் இருப்பது எட்டு டிகிரிச் சொச்சம் அட்சரேகை. ஏப்ரல் நடுவில் இருந்து ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். தெற்குச் சுவருக்கு மட்டும் நிழல் போட்டால் அந்த நாலரை மாதமும் வடக்குச் சுவர் காயும். ஆகவே நாலு பக்கமும் சரிவு. நாலு பக்கச் சரிவு காற்றுக்கும் நல்லது. இரண்டு பக்கச் சரிவில் முக்கோணச் சுவர் காற்றுக்கு நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்கும். சாய்வு முப்பது டிகிரி. உச்சியில் இரண்டு ஓரத்திலும் சின்ன முகப்பு, சாய்சட்டம் வைத்தது. மாடிப்படிக்கு இருந்த இரும்புக் கதவை எடுத்துவிட்டு அழிக்கதவு போட்டதால், கீழே சூடாகிற காற்று படி வழியாக ஏறி, ஓட்டுக்கடியில் போய், முகப்பு வழியே வெளியேறும். மேலுக்கும் ஒரு ரிட்டர்ன்.

ஓடு பறக்குமா என்று எல்லோரும் கேட்டார்கள். கணக்கைக் காட்டுகிறேன். காற்றுச் சுமைக்கான தரவிதி ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியில் திருவனந்தபுரத்துக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50. வேகத்தை வேகத்தால் பெருக்கி 0.6-ஆல் பெருக்கினால் அழுத்தம். 39க்கு ஏறக்குறைய 913 நியூட்டன், அதாவது சதுர மீட்டருக்கு 93 கிலோ. உயரம், சுற்றுப்புறம் எல்லாம் பார்த்து இது கொஞ்சம் மாறும். மங்களூர் ஓடு சதுர மீட்டருக்கு நாற்பது நாற்பத்தைந்து கிலோதான். காற்று கூரையை அழுத்துவதைவிட உறிஞ்சித் தூக்குவதுதான் அதிகம், ஓரங்களிலும் முகட்டிலும் இன்னும் அதிகம். ஓட்டின் சொந்தக் கனம் போதாது. ஆகவே கட்டு: ஓட்டில் இருந்து அது உட்காரும் குறுக்குச் சட்டமான பட்டியலுக்கு, பட்டியலில் இருந்து சரிவாக இறங்குகிற கழுக்கோலுக்கு, கழுக்கோலில் இருந்து உத்தரத்துக்கு, உத்தரத்தில் இருந்து தூண் மேல் வார்த்த காங்கிரீட் பெல்ட்டுக்கு, பெல்ட் கம்பி வழியாகத் தூணுக்கும் காங்கிரீட்டுக்கும். எங்கே ஒரு கண்ணி விட்டாலும் கூரை அங்கே இருந்து கிளம்பும். சித்தப்பா நாலடி இறவாரம் கேட்டார், சாரல் வராது என்று. இரண்டடிக்கு மேல் தரவில்லை. இறவாரம் நீண்டால் காற்று கீழே இருந்து பிடித்துத் தூக்க அது கைப்பிடி.

இங்கேதான் என் முட்டாள்தனம். ஓடு கட்ட ஜி.ஐ. கம்பி, துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி, வாங்கி வந்து, ஓர வரிசைகளையும் முகட்டையும் ஒவ்வொரு ஓடாக, நடுவில் ஒன்றுவிட்டு ஒன்றாக, இரண்டு நாள் கட்டி முடித்தோம். மூன்றாம் நாள் சித்தப்பா மேலே ஏறி வந்தார். ஒரு முடிச்சை விரலால் நெருடினார். "படகுக்கு இத அடிப்பியா லே?" என்று கேட்டார். நான் பேசவில்லை. "படகு கடல்ல ஒரு மாசம். கூரை கடல்ல எத்தன வருசம்?" இறங்கிப் போய்விட்டார். எல்லாவற்றையும் அவிழ்த்துச் செம்புக் கம்பியில் திரும்பக் கட்டினோம். இரண்டு நாள் கூலியும் கம்பிக் காசும் போச்சு. நல்லவேளை, அவிழ்த்த கம்பியில் அதற்குள்ளேயே வெள்ளைப் பொடி பூத்திருந்தது. பார்த்த பிறகு மனசு ஆறியது.

கடல் பக்க மதில் ஆறடி, ஒரு ஓட்டை இல்லாத மதில். மண்ணைத் தடுக்கக் கட்டியது, ஆனால் மண் அதன் உள்பக்கம்தான் குவிந்தது. முழுச்சுவரில் மோதுகிற காற்று மேலே எகிறி, பின்னால் சுழன்று விழும்; விழும்போது கொண்டுவந்ததைப் போட்டுவிடும். பாதி ஓட்டை உள்ள தடுப்பு அப்படி இல்லை. காற்றை உடைத்து மெதுவாக்கி உள்ளே விடும், சுழி வராது. மேல் மூன்றடியை இடித்து ஜாலியாக்கினோம். வெளியே தாழை வைத்தோம். அதற்கு முன்னால் மணலில் அடம்பங்கொடியையும் ராவணன் மீசையையும் நட்டோம். உள்ளே இரண்டு புன்னை, ஒரு பூவரசு. சவுக்கு சீக்கிரம் வளரும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். ஒக்கியில் அவர் சவுக்கு எங்கள் மாடிப்படியில் கிடந்ததை அவர் மறந்துவிட்டார். நெய்தல் நிலத்துக்கு நம் பழைய பாட்டுக்காரர்கள் சொன்ன தாழையும் புன்னையும் அடம்பும் உப்புக்காற்றில் நிற்பவைதான், தெரிந்துதான் சொல்லியிருக்கிறார்கள்.

தடுப்பு உப்பைப் பிடிக்கிறதா என்று பார்க்க இரண்டு புது ஆணிகளை நூலில் கட்டி, ஒன்றைத் தாழைக்கு வெளியே, ஒன்றை ஜாலிக்கு உள்ளே தொங்கவிட்டேன். ஒரு மாதம் கழித்து வெளி ஆணி தொட்டால் விரலில் சிவப்பு ஒட்டியது. உள் ஆணியில் புள்ளி புள்ளியாகத்தான். தாழை அப்போது முழங்கால் உயரம்கூட இல்லை, அதனால் இந்தப் பெருமை பெரும்பாலும் ஜாலிக்கு.

மே மாதம் வேலை முடிந்தது. எல்லாம் சேர்த்து நாலு லட்சத்து அறுபதாயிரம், அதில் பாதிக்கு மேல் கூரை. ஒரு சுவரில் மட்டும் சிப்பிச் சுண்ணாம்புப் பூச்சு செய்தோம். அந்தச் சுவரில் இதுவரை உப்புப் பொரியவில்லை. மற்றச் சுவர்களுக்கும் செய்ய ஆசை, செய்யத் தெரிந்த கொத்தனார் கிடைக்கவில்லை.

ஜூனில் கச்சான் தொடங்கிய இரண்டாவது நாள் ராத்திரி சித்தி போன். முகப்பு வழியாக மழை உள்ளே. காலையில் போய்ப் பார்த்தேன். சாய்சட்டத்தின் சாய்வு சரிதான், நாற்பத்தைந்து டிகிரி. ஆனால் ஒரு சட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே நேராகப் பார்த்தால் வானம் தெரிந்தது. வானம் தெரிந்தால் படுக்கையாக வருகிற மழையும் வரும். கீழ்ச்சட்டத்தின் மேல்விளிம்பு, மேல்சட்டத்தின் கீழ்விளிம்பைத் தாண்டி ஏறியிருக்க வேண்டும். ஆசாரி ஒவ்வொரு இடுக்கிலும் ஒரு சட்டம் கூட்டி, உள்பக்கம் ஒரு தகரப் பாத்தி வைத்து, தண்ணீரை வெளியே விட்டார். தகரம் என்றா சொன்னேன், செம்புத் தகடு. பாடம் படித்தாயிற்று.

மழை நின்றுவிட்டது. ஆனால் இடுக்கு குறைந்ததும் இன்னொன்று வந்தது: காற்று பலமாக அடிக்கிற ராத்திரிகளில் மேற்கு முகப்பு விசில் அடிக்கிறது. குக்கர் மாதிரி நீளமாக, நிறுத்தி நிறுத்தி. சித்தி எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறார். சட்ட விளிம்புகளை உருட்டையாக இழைத்தால் போகும் என்கிறார் ஆசாரி, கச்சான் ஓய்ந்த பிறகு ஏறுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பின்பக்கத்திலும் ஒன்று பாக்கி. ராத்திரி கரைக்காற்று ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டம்) கால்வாய் பக்கம் இருந்து வரும்போது ஜாலி வழியாக ஆகாயத்தாமரை அழுகிய வாடையும் சேர்ந்து வருகிறது. சித்தப்பா பழைய படுதாவை அளவாக வெட்டி, மேலே கயிறு கோத்து, கப்பி வைத்து ஏற்றி இறக்குகிற மாதிரி செய்து வைத்திருக்கிறார். எட்டு மணிக்கு நாற்றம் வந்தால் இறக்குவார். பதினோரு மணிக்குப் புழுங்கினால் எழுந்து ஏற்றுவார். முன்னறையில்தான் படுக்கிறார், ஃபேன் இல்லாமல், தலைமாட்டில் நான் அன்றைக்குக் கட்டிய கேரி பைக் கீற்று ஒன்று இன்னும் தொங்குகிறது. அவிழ்க்கப் போனேன். "கெடக்கட்டும்" என்றார், "காத்து எந்தப் பக்கம்னு கண்ணத் தொறந்தா தெரியும்."